தெரிவித்தாயிற்று

அமெரிக்காவில் ஊர்களுக்குக் குடிநீர் வழங்கும் ஒவ்வொரு அமைப்பும் ஆண்டுதோறும் ஜூலை 1-ஆம் தேதிக்குள் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்பியாக வேண்டும். போன வருஷம் உங்கள் குழாயில் வந்த தண்ணீர் எங்கிருந்து எடுத்தது, அதில் என்னென்ன கலந்திருந்தது, சட்டம் அனுமதிக்கும் அளவு எவ்வளவு, இருந்த அளவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 1996-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தைத் திருத்தியபோது வந்த கட்டாயம் இது. 1999 முதல் அறிக்கைகள் வந்துகொண்டிருக்கின்றன. அதன் அதிகாரப்பூர்வப் பெயர் 'நுகர்வோர் நம்பிக்கை அறிக்கை'.

பெயரைக் கவனியுங்கள். தண்ணீர் அறிக்கை என்று வைக்கவில்லை, தர அறிக்கை என்றும் வைக்கவில்லை. படித்து முடித்ததும் உங்களுக்கு என்ன மனநிலை வரவேண்டும் என்பதைப் பெயர் வைக்கும்போதே தீர்மானித்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு 'உடம்பு நல்லாத்தான் இருக்கு ரிப்போர்ட்' என்று தலைப்புப் போட்டால் எப்படியிருக்கும்? அதேதான் இது.

நான் சொல்லவருவது ஒன்றுதான். தெரிவிப்பது வாரியத்தின் வேலை. தெரிந்துகொண்டார்களா என்பது குடியிருப்பவர்களின் நிலை. சட்டம் முதலாவதை மட்டும் கணக்கெடுக்கிறது. தபாலில் போட்டதற்கு ரசீது இருந்தால் போதும், கண்ணாடிக் கதவில் ஒட்டியதற்குப் புகைப்படம் இருந்தால் போதும், இணையத்தில் ஏற்றிய தேதி இருந்தால் போதும். 'தெரிவித்தாயிற்று' என்று ஒரு டிக் போட்டுக்கொள்கிறார்கள். எத்தனை வீடுகளில் அந்தச் செய்தி உண்மையில் போய்ச் சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்பதில்லை. தண்ணீர் விஷயத்தில் யாருக்கும் புரியாதபடி தெரிவிப்பது மறைப்பதன் இன்னொரு வடிவம் என்பது என் கட்சி.

இங்கே தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பல இடங்களில் குடிநீர் நகராட்சியின் கையில் இல்லை. 'வாட்டர் டிஸ்ட்ரிக்ட்' என்று தனியாக ஒன்று உண்டு. மாவட்டம் என்று மொழிபெயர்த்தால் கலெக்டர் ஞாபகம் வந்துவிடும். அதனால் வாரியம் என்றே சொல்கிறேன். இது தண்ணீருக்காக மட்டுமே உள்ள ஒரு குட்டி அரசாங்கம். கட்டணம் விதிக்கலாம், கடன் பத்திரம் வெளியிடலாம், நிலம் கையகப்படுத்தலாம். கலிஃபோர்னியாவில் 1887-ஆம் ஆண்டின் ரைட் சட்டம் பாசன வாரியங்களுக்கு வழி திறந்தது. பிறகு குடிநீருக்கும் விதவிதமான வாரியங்கள் முளைத்தன. பெரும்பாலானவற்றில் இயக்குநர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மூன்று இடத்துக்கு மூன்று பேர்தான் நின்றார்கள் என்றால் தேர்தலே கிடையாது, அப்படியே நியமனம். ஆகவே உங்கள் தண்ணீருக்கு விலை வைக்கிறவரின் பெயரை நீங்கள் வாக்குச்சீட்டில்கூடப் பார்க்காமல் பத்து வருஷம் ஓட்டிவிடலாம்.

நான் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஓர் ஊரில் இருக்கிறேன். எங்கள் வாரியத்தின் கூட்டங்களுக்கு ஆறு வருஷமாகப் போய்வருகிறேன். மாதம் ஒன்று, சாயங்காலம் ஆறரை மணிக்கு. பொதுமக்களுக்கு முப்பது நாற்காலி போட்டிருப்பார்கள். பெரும்பாலான நாட்களில் நான் ஒருத்தன், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், அவ்வளவுதான்.

எழுத்தில் பார்த்தால் சட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், பேசலாம். உள்ளே வருவதற்குப் பெயர் சொல்ல வேண்டும் என்றுகூடக் கட்டாயப்படுத்த முடியாது. 1996-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218-ஆம் முன்மொழிவின்படி, கட்டணத்தை உயர்த்துவதென்றால் 45 நாட்களுக்கு முன்பே தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பாதிக்கு மேற்பட்ட மனைகளிலிருந்து எழுத்து மூலம் எதிர்ப்பு வந்தால் உயர்வு ரத்து. இந்த விதி தண்ணீர்க் கட்டணத்துக்கும் பொருந்தும் என்று 2006-இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சரி, அந்த அறிவிப்பு எப்படி இருக்கும்? எங்கள் ஊருக்கு வந்தது எட்டுப் பக்கம். முதல் பக்கம் முழுக்க அரசமைப்புச் சட்டப் பிரிவு எண்கள். கட்டணம் 'நூறு கன அடிக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கும். நூறு கன அடி என்பது 748 கேலன், நம் கணக்கில் சுமார் 2,830 லிட்டர். சென்னையில் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கிப் பழகியவருக்கு 'ஒரு லாரி என்பது இங்கே நாலே கால் யூனிட்' என்று சொன்னால் அரை நிமிஷத்தில் புரியும். 'உங்களைப் போல நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு இப்போது மாதம் இவ்வளவு, இனிமேல் இவ்வளவு' என்று ஒரே ஒரு வரி போட்டால் யாருக்கும் புரியும். அந்த வரி எட்டுப் பக்கத்திலும் இல்லை. எதிர்ப்பை எப்படி எழுதி அனுப்புவது என்பது ஏழாம் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இருந்தது. அனுப்பாதவர்கள் எல்லாரும் ஆட்சேபம் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள். மௌனம் சம்மதம் என்பதைக் கல்யாணப் பேச்சில்கூட இப்போது யாரும் ஏற்றுக்கொள்வதில்லை.

அடுத்தது, இந்தத் தபால் யாருக்கு வருகிறது? பில் கட்டுகிறவருக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் அப்பார்ட்மெண்ட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். தண்ணீர்க் கட்டணம் வாடகையோடு சேர்ந்துவிடும், அல்லது குடித்தனக்காரர்களுக்குள் பங்கு பிரித்துப் போடுவார்கள். வாரியத்தின் கணக்கில் இருநூறு குடும்பங்கள் இருக்கும் அந்த வளாகம் மொத்தமும் ஒரே வாடிக்கையாளர். அறிக்கை நிர்வாக அலுவலகத்தில் ஒரு கோப்புக்குள் போய்விடும். பில் கட்டாமல் குடிப்பவர்களையும் சென்றடைய 'நல்லெண்ணத்தோடு முயற்சி' செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. நல்லெண்ணத்தை எந்த மீட்டரில் அளப்பது?

இதெல்லாம் காகித விவகாரம்தானே, இதற்கா இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு, மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள்தான் ஆதாரம். சுற்றிலும் பாதாம் தோப்புகளும் மாட்டுப் பண்ணைகளும். உரமும் சாணமும் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கின்றன. நைட்ரேட் லிட்டருக்கு, நைட்ரஜன் கணக்கில், 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 24 மணி நேரத்துக்குள் மக்களுக்குச் சொல்ல வேண்டும். காரணம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள். நைட்ரேட் அந்தப் பிஞ்சு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். குழந்தை நீலம் பாரிக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

எங்கள் கிணறு ஒன்றில் அளவு தாண்டியது. வாரியம் 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவின் கைப்பிடியிலும் ஒரு தாளை மாட்டியது. சட்டப்படி தெரிவித்தாயிற்று. தாள் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருந்தது. 'குடிநீர் எச்சரிக்கை' என்று மேலே பெரிய எழுத்து. கொதிக்க வைக்காதீர்கள் என்பது பின்பக்கத்தில் கேள்வி பதிலில் நாலாவது.

நாலு வீடு தள்ளி நம்மூர்க் குடும்பம். கைக்குழந்தைக்கு மூன்று மாதம். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டார்கள். பிரசவத்துக்கு உதவியாகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாட்டிதான் வீட்டில். நான் போய்ச் சொன்னபோது அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, தண்ணி சரியில்லன்னு தாள் போட்டிருக்கான்னு எனக்கும் தெரியும். நீங்க பயப்படாதீங்க. ரெண்டு தடவ நல்லா கொதிக்க வெச்சுத்தான் பால்பவுடர் கலக்குதேன்."

பாட்டி செய்ததில் என்ன பிழை? நமக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது அதுதான். காலரா, டைஃபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாவற்றுக்கும் அந்தப் புத்திதான் நம் உயிரைக் காத்தது. கிருமிக்கு அது சரி. நைட்ரேட் கொதித்தால் போகாது. ஈயமும் போகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மிச்சமிருக்கும் தண்ணீரில் அதன் செறிவு கூடும். இருமடங்கு அக்கறையோடு செய்த காரியம், குழந்தைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலான நைட்ரேட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக முதல் நாளே தெரிந்தது. கடைத் தண்ணீருக்கு மாறினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் எனக்குக் கிடைத்த மூன்று நிமிஷத்தில் இதைச் சொன்னேன். பொது மேலாளர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, அறிவிப்பு எல்லா விதிகளுக்கும் உட்பட்டே இருந்தது என்றார். உண்மைதான். என் புகாரும் அதுவேதான்.

இது ஏதோ ஒரு சின்ன ஊரின் அலட்சியம் இல்லை. கடந்த கால் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பெரிய குடிநீர்ச் சீரழிவுகளை எடுத்துப் பாருங்கள். குழாய் கெட்டது, கிணறு கெட்டது என்பது பாதிக் கதைதான். தெரிந்தவர்கள் சொல்லவில்லை, அல்லது சொன்னவிதம் யாருக்கும் கேட்கவில்லை என்பது மறுபாதி.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்று ஓர் ஊர், சுமார் 5,000 பேர். 2000 மே மாதம் கனமழையில் பண்ணைச் சாணம் கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. தண்ணீரில் ஈ.கோலை இருப்பதாக ஆய்வகம் மே 17 அன்று தண்ணீர் அமைப்புக்கு ஃபேக்ஸ் அனுப்பியது. மேலாளர் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைகள் ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வர ஆரம்பித்ததும் சுகாதாரத் துறையினர் அவரிடம் தொலைபேசியில் விசாரித்தார்கள். தண்ணீர் நன்றாக இருப்பதாகவே சொன்னார். கடைசியில் மே 21 அன்று சுகாதாரத் துறை அவரை நம்பாமல் தானே எச்சரிக்கை விடுத்தது. அதுவும் உள்ளூர் வானொலியில் போனதால் எல்லார் காதுக்கும் எட்டவில்லை. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயுற்றார்கள். மே 19 அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்பது நீதிபதி ஓ'கானர் விசாரணையின் கணிப்பு. ஆய்வகம் ஏன் நேரடியாக அரசிடம் சொல்லவில்லை? சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை. 2002-இல் சட்டம் கொண்டுவந்தார்கள்.

வாஷிங்டன் நகரத்துக் கதை வேறு மாதிரி. அங்கே யாரும் ஒளிக்கவில்லை, 'தெரிவித்தார்கள்'. 2000-இல் கிருமிநாசினியைக் குளோரினிலிருந்து குளோராமினுக்கு மாற்றினார்கள். பழைய ஈயக் குழாய்களுக்குள் படிந்திருந்த படலம் கரைந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. 2002-லேயே அளவு தாண்டியது தெரியும். சட்டப்படி துண்டுப்பிரசுரங்கள் போயின. அவற்றின் மொழி எவ்வளவு பதவிசாக இருந்தது என்றால், ஆபத்து என்று ஒன்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்கு உறைக்கவில்லை. 2004 ஜனவரி 31 அன்று 'வாஷிங்டன் போஸ்ட்' முதல் பக்கத்தில் எழுதியபிறகுதான் ஊருக்குத் தெரிந்தது: சோதித்த 6,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் 4,000-க்கும் மேற்பட்டவற்றில் ஈயம் வரம்பு மீறியிருந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கும் நகரம் இது.

ஃபிளிண்ட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு விவரம் மட்டும் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் ஊர்த் தண்ணீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணீர் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று தன் தொழிற்சாலைக்கு வேறு தண்ணீர் வாங்கிக்கொண்டது. 2015 ஜனவரியில், ஃபிளிண்டில் இருந்த மாநில அரசுக் கட்டடத்தில் ஊழியர்களுக்குத் தனியாகக் குடிநீர்க் கேன்கள் வைத்தார்கள். மக்களிடம் மட்டும் குடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரும்புக்குக் கிடைத்த தகவல் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. மருத்துவர் மோனா ஹன்னா-அட்டீஷா குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை 2015 செப்டம்பரில் பத்திரிகையாளர்கள் முன்னால் வைத்த பிறகுதான் பழைய தண்ணீருக்குத் திரும்பினார்கள்.

இன்னொரு விவரம் கணக்கு சம்பந்தப்பட்டது. அறிக்கையில் ஈயத்துக்கு எதிரே ஓர் எண் இருக்கும். அது சராசரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நூறு வீட்டில் மாதிரி எடுத்தால், குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி, தொண்ணூறாவது வீட்டின் அளவு என்னவோ அதுதான் அந்த எண். அது நூறு கோடியில் 15 பங்குக்குள் இருந்தால் வாரியம் பாஸ். (2024-இல் வெளியான புதிய விதி இந்த வரம்பை 10 ஆக்குகிறது.) மீதிப் பத்து வீட்டில் 50 இருக்கலாம், 200 இருக்கலாம், அந்த எண் அசையாது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை, இலக்கு பூஜ்யம் என்று அதே அறிக்கையின் இன்னொரு கட்டத்தில் போட்டிருக்கும். ஃபிளிண்டில் 2015-இல் இரண்டு வீடுகளின் மாதிரிகளைக் கணக்கிலிருந்து நீக்கியதும் தொண்ணூறாவது எண் வரம்புக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டே வீடு! இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாத ஊரை ஏமாற்றப் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

2016 டிசம்பரில் சட்டம் திருத்தினார்கள்: ஈய அளவு தாண்டினால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். வாக்கர்ட்டனுக்குப் பிறகு ஒரு சட்டம், ஃபிளிண்டுக்குப் பிறகு ஒரு சட்டம். இன்று நம் கைக்கு வரும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால் யாரோ சிலரின் நோயும் சாவும் இருக்கின்றன. அதைத்தான் பீட்ஸாக் கூப்பனோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறோம்.

வாரியக்காரர்கள் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம். ஒன்று, 'எல்லாத்தையும் சொன்னா ஜனங்க பீதியடைஞ்சுருவாங்க.' வாஷிங்டனில் 2004-இல் பீதி வந்தது; முன்கூட்டிச் சொன்னதால் வரவில்லை, பத்திரிகை சொல்லித் தெரிய நேர்ந்ததால் வந்தது. மனுஷனுக்கு ஆபத்தைச் சொல்லி, கூடவே என்ன செய்யணும் என்றும் சொன்னால் அவன் அதைச் செய்வான். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை யாரும் பீதி கிளப்புவது என்று சொல்வதில்லை.

இரண்டு, 'அனுப்பினாலும் யார் படிக்கிறாங்க?' படிக்க முடியாதபடி எழுதிவிட்டு, படிக்கவில்லை என்று குறைப்படுவது நியாயமா? இதே வாரியம் புதிதாகக் கட்டணம் செலுத்தும் செயலி கொண்டுவந்தபோது பளபளவென்று ஒரு அட்டை அனுப்பியது. பெரிய எழுத்து, மூன்று படி, படம் போட்டு விளக்கம். பணம் வாங்க வேண்டிய இடத்தில் எளிமையாக எழுத அவர்களுக்குத் தெரிகிறது.

மூன்று, 'பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில தகவல்களைத் தர முடியாது.' 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த இந்தக் கவலையில் நியாயம் உண்டு. எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதை வெளியே சொல்ல வேண்டாம். ஆனால் என் வீட்டுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் வருகிறது, அதில் நைட்ரேட் எவ்வளவு என்பது பயங்கரவாதிக்கு எதற்கு? குழந்தை வைத்திருப்பவளுக்குத்தான் வேண்டும்.

இதுவரை அவர்கள் பக்கம். இனி நம் பக்கம்.

தண்ணீரைப் பற்றித் தமிழனுக்குத் தெரியாததா? அடிபம்பில் குடத்தை வரிசையாக வைத்து, விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து, இன்றைக்கு எந்தத் தெருவுக்குத் திறப்பார்கள், எத்தனை மணிக்கு நிற்கும், எந்த வீட்டில் திருட்டு மோட்டார் ஓடுகிறது என்று முழு வரைபடத்தையும் தலையில் வைத்திருந்தவர்கள் நம் அம்மாக்கள். சென்னையில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி ஏரிகளின் மட்டம் தினமும் வெளியாகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அந்த எண்களைப் போட்டுக்கொண்டிருந்தோம். அதே ஆட்கள் இங்கே வந்ததும், குழாயைத் திருகினால் இருபத்து நாலு மணி நேரமும் வருகிறது என்பதோடு திருப்தியாகிவிடுகிறோம். உங்கள் வீட்டுத் தண்ணீர் ஆறா, ஏரியா, கிணறா என்று எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் பத்துப் பேரிடம் கேட்டேன். எட்டுப் பேருக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் 'காஸ்ட்கோ' என்றார்கள். பாட்டில் வாங்குகிறார்களாம். பல் தேய்க்கவும் சாம்பார் வைக்கவும் எந்தத் தண்ணீர் என்றால் சிரிப்பு.

'எங்களுக்கு ஓட்டு இல்லையே, நாங்க எச்-1பி' என்பது அடுத்த வாதம். கூட்டத்தில் பேச ஓட்டு வேண்டியதில்லை. கட்டண உயர்வை எதிர்த்து எழுதக் குடியுரிமை வேண்டியதில்லை. வீட்டுச் சொந்தக்காரராகவோ, தண்ணீர்க் கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும் குடித்தனக்காரராகவோ இருந்தால் போதும். விசா அலுவலகம் அனுப்பும் கடிதத்தின் ஒவ்வொரு காற்புள்ளியையும் படித்து அர்த்தம் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். தண்ணீர்க் கடிதம் மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் பகிராத ஆண்டு கிடையாது. முதலாம் பராந்தகன் காலம், 919, 921, குடவோலை முறை, ஏரி வாரியம் என்று ஏரிக்கென்றே தனி வாரியம். அமெரிக்கர்களுக்கு முன்பே நமக்கு வாட்டர் டிஸ்ட்ரிக்ட் இருந்ததாம். இருக்கட்டும். அது பிராமணச் சபை, நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்வோம். ஆனால் அந்தக் கல்வெட்டில் பெருமைப்பட வேண்டிய ஒரு வரி உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவனுடைய உறவினர்களும் வர முடியாது. இந்த விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டாமல், ஊரார் வந்துபோகும் இடத்தில் சுவரில் வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வாரியத்தின் கணக்கைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள், போன வருஷத்து வாரியத்தின் கணக்கைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அறிக்கையின் முதல் பக்கம் ஒரே பக்கமாக இருக்கட்டும்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியது, எந்த அளவு வரம்பை நெருங்குகிறது, யாரிடம் கேட்கலாம். கட்டண அறிவிப்பில் ஒரு குடும்பத்தின் மாத பில் எவ்வளவு கூடும் என்பது முதல் வரியாக இருக்கட்டும். அவசர அறிவிப்பில், என்ன ஆயிற்று என்பதற்கு முன்னால் என்ன செய்யக் கூடாது என்பது வரட்டும். கொதிக்க வைக்கலாமா கூடாதா என்பது படமாகவும் இருக்கட்டும். அப்பார்ட்மெண்ட்டுகளில் ஒவ்வொரு கதவுக்கும் தாள் போகட்டும். ஊரில் பேசும் மொழிகளில் செல்பேசிக்குக் குறுஞ்செய்தி வரட்டும். கடைசியாக, அனுப்பியாயிற்று என்பதோடு நிறுத்தாமல், வருஷத்தில் ஒருமுறை நூறு வீட்டைத் தட்டி, 'போன அறிவிப்பு உங்களுக்குக் கிடைத்ததா, அதில் என்ன சொல்லியிருந்தது?' என்று கேட்கட்டும். தண்ணீரில் மாதிரி எடுத்துச் சோதிக்கிற வாரியத்துக்கு இதிலும் மாதிரி எடுப்பது பெரிய காரியம் இல்லை. அந்த எண்ணையும் அறிக்கையில் போடட்டும்.

நம்மால் ஆவதும் உண்டு. ஒவ்வொரு ஊர்த் தமிழ்ச் சங்கத்திலும் மலர் போடுகிறார்கள். குறள் போட்டியில் ஐந்து வயதுக் குழந்தை வான்சிறப்பின் பத்துக் குறளையும் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறது. அந்த மலரில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரின் ஆதாரம், நைட்ரேட், ஈயம் எவ்வளவு, வாரியத்தின் தொலைபேசி எண், அடுத்த கூட்டத்தின் தேதி. இவ்வளவையும் தமிழில் எழுத ஒருத்தருக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் மலரில் அதைத்தான் முதலில் படிப்பார்கள். குழாயடியில் அறுபது வருஷம் நின்றவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

எங்கள் வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் கட்டண உயர்வு விவாதத்துக்கு வருகிறது. அப்பார்ட்மெண்ட்காரர்களுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்ற என் கோரிக்கையையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறார்கள், ஒன்பதாவது இடத்தில். முப்பது நாற்காலிகளில் இருபத்தெட்டு இன்னும் காலியாகவே இருக்கின்றன.